கண்ணாடியில் எரிந்த அடுப்படி விளக்கு

தங்கப்பாண்டியன் வீட்டில் எந்தச் சாமானும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. வாசற்கதவுக்குப் பின்னால் குடை மாட்டுகிற கொக்கி, அன்றைக்கு மழை வரும் என்றால் நீலமாக மினுங்கும். குழாயடியில் கிடக்கும் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் ஒரு பச்சை வளையம் உண்டு. நகராட்சித் தண்ணீர் குழாய்க்குள் ஏறியதும் அது எரியும். ராஜபாளையத்தில் தண்ணீர் என்றைக்கு வரும், எந்நேரம் வரும் என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாத சங்கதி என்பதால், தெருவில் அவனைவிட அந்தக் குடத்துக்குத்தான் மரியாதை. "கனகம், ஒங்க குடம் எரிஞ்சா ஒரு சத்தம் குடு" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லி வைத்திருந்தார்கள். பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு அருகே ஒரு மரச்சட்டம். அதில் சாமி இல்லை. அன்றைய திதியும் நட்சத்திரமும் ராகுகாலமும் ஓடிக்கொண்டிருக்கும்.

"வீடா இது, பஸ் ஸ்டாண்டா?" என்பாள் அவன் மனைவி கனகலட்சுமி. சொல்லிவிட்டுக் காலண்டரில் தாளைக் கிழித்துத் திதி பார்ப்பாள். சட்டத்தைப் பார்க்கமாட்டாள்.

அவனுக்கு வேலை ஒரு நூற்பாலையில். மெஷின் ஓடினால் அதன் தலைக்கு மேல் பச்சை விளக்கு, நின்றால் சிவப்பு. அந்த விளக்குகளையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் போர்டுகளையும் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. நீளமான ஷெட்டின் ஒரு முனையில் நின்றுகொண்டு, பஞ்சுத்தூசிக்கு ஊடே, எந்த மெஷினுக்கு என்ன கேடு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். கிட்டப் போய்க் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் தன் நிலைமையைத் தானே சொல்லிவிட வேண்டும் என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியை மில்லோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

இந்தச் சாமான்களில் ஒன்றைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் பெருமை பேசியதில்லை. அது படுக்கையறையில் இருந்த பீரோவின் கண்ணாடி.

கனகலட்சுமியின் தாய் வீட்டுச் சீராக வந்த இரும்பு பீரோ அது. கதவின் நீளத்துக்குக் கண்ணாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரசத்தைச் சுரண்டி எடுத்தான். சுரண்டிய இடத்துக்குப் பின்னால் பழைய லேப்டாப் திரை ஒன்றை வெட்டி ஒட்டி, மறுபடி மாட்டினான். எழுத்து வரும்போது மட்டும் அங்கே எழுத்துத் தெரியும். வராதபோது கறுப்பாக ஒரு கட்டம், கண்ணாடிக்குக் கண் குருடானதுபோல.

"பொட்டு வைக்கிற எடத்துல கரெக்டா எழுத்து வருது. நான் எங்க போயி மூஞ்சி பாக்க?" என்றாள் கனகலட்சுமி.

"செத்தக் குனிஞ்சு பாரு."

"கல்யாணமான நாள்ல இருந்து குனிஞ்சுதான பாக்கேன்."

எழுத்து என்னவென்று பார்த்த பிறகு அவள் அதைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை. நெற்றியிலிருந்து எடுக்கிற ஸ்டிக்கர் பொட்டுகளை அந்தக் கட்டத்தைச் சுற்றிக் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்தாள். கட்டத்துக்குள் இப்படி வரும்:

அக்கா: விளக்கு போட்டாச்சு.

கொஞ்ச நேரம் கழித்து: அக்கா: மோட்டார் ஓடுது.

புதனும் சனியும்: அக்கா: மாவு ஆட்டுறா.

காலை ஏழு மணி வரை எதுவுமே இல்லையென்றால் சிவப்பில், அக்கா: சேதி இல்ல. அப்படி ஒருநாளும் வந்ததில்லை. வந்தால் எப்படி இருக்கும் என்று அவன் மட்டும் ஒருதடவை சோதித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே மாற்றினான்.

அக்கா என்பது பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கையால் முட்டை வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள் ஊர் முழுக்க உண்டு. அத்தனை பேருக்கும் அவள் 'டீச்சர்'தான். புருஷன் இளவயதிலேயே போய்விட்டான். பிள்ளையில்லை. தங்கப்பாண்டியனை ஐ.டி.ஐ.யில் சேர்த்தது, மில்லில் ஆள் பிடித்து வேலை வாங்கித் தந்தது, அவனுக்குப் பெண் பார்த்தது எல்லாம் அவள். அவனைத் 'தங்கம்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை. டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனாலும் மூன்று வருஷமாக அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை, அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை.

காரணம் புதுவீட்டுப் பால் காய்ச்சு. அவர்கள் வழக்கத்தில் புதுவீட்டில் முதல் பாலை உடன்பிறந்தவள் காய்ச்ச வேண்டும். பொங்கி வழிந்த பிறகு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துக் கும்பிட வேண்டும். பரிபூரணம் தாலி இழந்தவள். "மொத அடுப்புல மூளி கை படணுமா மாப்ள? யோசிச்சுக்கோங்க" என்றாள் அவன் மாமியார். அவன் சரி என்றும் சொல்லவில்லை, அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. எதிலும் பச்சையா சிவப்பா என்று ஒரு நொடியில் சொல்கிறவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால், யார் பால் காய்ச்சுவது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துகொண்டு அவன் போகவே இல்லை. செல்போனில் பத்திரிகை செய்தான். கதவு திறப்பதுபோலவும் உள்ளே பால் பொங்குவதுபோலவும் அசையும் பத்திரிகை. மில்லுக்கு அனுப்பினான், சொந்தக்காரர்களுக்கு அனுப்பினான், அதே கையோடு அக்காவுக்கும் அனுப்பினான். சொந்த அக்காவுக்கு எதற்குத் தட்டும் வெற்றிலையும் என்று தன் மனசுக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். எல்லாரும் சொல்லிக்கொள்கிற சமாதானம்தான் அது.

அவள் வரவில்லை. பாலைக் கனகலட்சுமியின் தங்கை காய்ச்சினாள். அது நன்றாகத்தான் பொங்கியது.

பந்தி முடிந்ததும் அவன் போன் செய்தான். அக்கா எடுத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"சேதி வந்துச்சு தங்கம். ஆளு வரல. சேதிக்கு சேதி போதும்ல? நல்லா இரு."

அதற்குப் பிறகு அவன் போனை அவள் எடுக்கவில்லை. போய் வாசலில் நின்றால் போதும், கதவைச் சாத்துகிறவள் இல்லை அவள். ஆனால் போனால், ஏன் வரவில்லை என்று கேட்பாள். மூளி என்ற சொல்லை அவன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும், அல்லது பொய் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வாரம் போகலாம், அடுத்த ஷிப்ட் மாறியதும் போகலாம் என்று இருந்ததில் மாசங்கள் போயின. கடைசியில் அவன் ஆளாகப் போகாமல் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்தான்.

அக்காவின் பக்கத்து வீட்டு ஷெரின்தான் அதற்கு உதவியது. அவள் புருஷன் ஜெபின் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவள் அம்மா செல்லக்கனி, பரிபூரணத்தின் சத்துணவு மையத்தில் சமையல் செய்தவள். பரிபூரணம் கோவிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஷெரின் வீட்டுப் பக்கம் நின்றுகொண்டே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் மீட்டர் பெட்டிக்குக் கீழே, வயரை அறுக்காமல் கவ்விக்கொள்கிற வளையம் ஒன்றை மாட்டினான். எவ்வளவு கரண்டு போகிறது என்று அது பார்க்கும். டியூப்லைட் என்றால் கொஞ்சம், மோட்டார் என்றால் நிறைய, கிரைண்டர் என்றால் இரண்டுக்கும் நடுவில். ஷெரின் வீட்டு இன்டர்நெட்டைப் பிடித்து அது சேதியை அனுப்பிவிடும்.

"டீச்சருக்குத் தெரிஞ்சா வைவாங்க அண்ணாச்சி" என்றாள் ஷெரின்.

"தெரியாது."

ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. ஷெரின் பிறகு சொன்னாள். பரிபூரணம் வளையத்தைச் சேலைத் தலைப்பால் தூசி துடைத்துவிட்டு, "என்னத்தச் சொல்லுதாம் இது?" என்று கேட்டாளாம். நீங்கள் விளக்குப் போட்டால் அங்கே தெரியும் என்றதும், "என்னைய மெஷினாக்கிட்டானா? இருக்கட்டும், கழட்டாத" என்றாளாம்.

அதன் பிறகு கண்ணாடியில் சில சேதிகள் நேரமில்லாத நேரத்தில் வந்தன. அவன் பிறந்தநாள் அன்றைக்கு உச்சி வெயிலில் விளக்குப் போட்டாச்சு என்று வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் கிரைண்டர் நிற்காமல் ஓடியது. "ஒங்கக்கா ஒத்த ஆளுக்கு எம்புட்டுத்தான் பலகாரம் சுடுவாங்களோ" என்றாள் கனகலட்சுமி, பொட்டை ஒட்டிக்கொண்டே. அந்தப் பலகாரம் இந்த வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அவள் ஆட்டியது இவனுக்குத் தெரிந்தது, இவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டான். அக்காவும் தம்பியும் பேசாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு இது மேல்.

கனகலட்சுமிதான் ஒருநாள் சாதத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "மாடியில ஒரு ரூம் எடுப்போமா? புது ரூம்னா பால் காய்ச்சணும்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கம்மாவ நான் பாத்துக்கிடுதேன். நீங்க போயி ஒங்கக்காவக் கூப்பிடுங்க. இந்தத் தடவ தட்டோட."

அப்படித்தான் அந்த மாடியறை எழும்பியது. யாரும் குடியிருப்பதற்காக இல்லை. ஒரு கேஸ் அடுப்பு வைக்க மேடை, கிழக்கே ஒரு ஜன்னல், அவ்வளவுதான். சித்திரையில் தொடங்கி ஆனிக் கடைசியில் பூச்சு முடிந்தது. பூச்சு காய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

அந்த ஆடியில் கண்ணாடியில் ஒரு மாறுதல் தெரிந்தது. அக்காவின் காலை பிசகாமல் ஒரே நேரத்துக்கு வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் சிலநாள் சீக்கிரம் எழுவாள், சிலநாள் கால்வலி என்று தாமதமாக எழுவாள். மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்து, தொட்டி வழிகிறவரை ஓடவிடுவாள். இப்போது அப்படி இல்லை. விளக்கு, மோட்டார், விளக்கு அணைப்பு, எல்லாம் அளந்து வைத்ததுபோல இருந்தது. மில்லில் இப்படி ஓடுகிற மெஷினை யாரும் தொடமாட்டார்கள். 'அக்காவுக்கு உடம்பு நல்லா இருக்கு' என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பிறகு ஆடி அமாவாசை. அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பூஜை அலமாரிச் சட்டத்தில் அமாவாசை என்று ஓடியது. பீரோக் கண்ணாடியில், அக்கா: மாவு ஆட்டுறா.

அவன் சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றான். அமாவாசை அன்று பரிபூரணம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். புருஷனுக்குப் படையல் வைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை எடுத்த பிறகுதான் வாயில் எதையும் வைப்பாள். அம்மியைக்கூட அன்றைக்குத் தொடமாட்டாள். கிரைண்டரா?

"கனகம், இங்க வந்து பாரு. அமாவாசையில மாவு ஆட்டுறா."

கனகலட்சுமி வந்து பார்த்தாள். "வயசாகுதுல்ல. எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்பாங்க? விட்ருப்பாங்க."

விட்டிருப்பாள் என்ற சொல் அவனுக்குப் பிடித்துவிட்டது. விரதத்தை விட்டவள் வீம்பையும் விட்டிருப்பாள். இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறாள். ஒருவேளை இது எனக்கே சொல்கிற சேதியோ என்றுகூட அவன் நினைத்தான். அன்றைக்கு மில்லில் அவன் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்ததாகச் சொல்வார்கள்.

"நாளைக்கே போறேன்" என்றான் சாயந்திரம்.

"ஆடியில போயி யாராவது வெத்தல வைப்பாங்களா? மூணு வருசம் இருந்தாச்சு. ஆவணி பெறக்கட்டும். கொறையில்லாமக் கூப்பிடுவோம்."

அவள் சொன்னது நியாயம்தான். ஒருதடவை முறை தவறிப் பட்டது போதாதா? அவன் இருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் ஓடிய அன்று அதே நேரத்துக்கு விளக்கு, அதே நேரத்துக்கு மோட்டார். தேர் அன்று விடியுமுன்பே மோட்டாரைப் போட்டு வாசல் தெளித்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மோர் கரைத்துக் கொடுக்கிறவள் அவள். அவன் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் எழுத்து வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். எழுத்து வந்திருந்தது.

ஆவணி பிறந்து வந்த முதல் நல்லநாளில் தட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பழம், மஞ்சள், தேங்காய், ஒரு மாம்பழ நிறச் சேலை. கனகலட்சுமிக்கு அன்று காய்ச்சல். "நீங்க போங்க, நான் இன்னொரு நாள் வந்து கால்ல விழுறேன்" என்றாள். கிளம்புமுன் கண்ணாடியைப் பார்த்தான். விளக்குப் போட்டாச்சு என்று இருந்தது. பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு, ஏன் அன்றைக்கு வரவில்லை என்று அவள் கேட்டால் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். இந்தத் தடவை சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

வாசற்கதவு திறந்திருந்தது. பின்கட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "அக்கா" என்றான்.

அடுப்படியிலிருந்து ஷெரின் வந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. கை தானாகப் பின்னால் போய் டியூப்லைட் சுவிட்சை அணைத்தது.

"அக்கா எங்க?"

"மதுரையில, ஆஸ்பத்திரியில. ஆனியிலயே சேத்தாச்சு அண்ணாச்சி. வயித்துல கட்டி. எங்கம்மா கூட இருக்கு."

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. "காலைல லைட் எரிஞ்சுதே" என்றான்.

"நான்தான் போடுவேன். டீச்சர் எழுதாத கொறையாச் சொல்லிட்டுப் போனாங்க. இத்தன மணிக்கு லைட்டு, இத்தன மணிக்கு மோட்டாரு, புதன், சனி கிரைண்டரு. தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னாங்க."

"நீ சொல்லிருக்கலாம்லம்மா."

"சின்னப்புள்ளையில இருந்து அவங்க சொன்னதச் செஞ்சே பழக்கம்." டீச்சர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "தெரிஞ்சா பயந்துபோயி ஓடி வருவான். பயந்து வார ஆளு எனக்கு வேண்டாம், கூப்பிட வார ஆளுதான் வேணும்னாங்க. ரூம் கட்டுறீங்கன்னு கேள்விப்பட்டாங்க. வருவான்னு இருந்தாங்க."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. ஷெரின் போய் அணைத்தாள்.

"அமாவாசைக்குக் கிரைண்டர் ஓட்டினியே."

"புதன்கெழமைல்ல. வெறுங்கல்லு ஓட்டினா தேஞ்சுரும்னு அரிசி போட்டுத்தான் ஆட்டினேன். நாங்கதான் இட்லி ஊத்தித் தின்னோம்." அவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அன்னைக்கு ஆட்டக் கூடாதா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எங்களுக்கு அமாவாசை தெரியாதுல்ல அண்ணாச்சி."

ஆட்டக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அவன் விசில் அடித்தான்.

ஷெரின் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னதைக் கேட்காமல், வந்த காலோடு மதுரை பஸ் ஏறினான். பை மடியிலேயே இருந்தது.

பொம்பளைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அக்காவின் நெற்றியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டான். மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. காலடியில் செல்லக்கனி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"ஏலே தங்கம்" என்றாள் பரிபூரணம். குரல் மட்டும் பழைய குரல். "ஒங்கண்ணாடி என்ன சொல்லுச்சு?"

"நல்லாருக்கன்னு சொல்லுச்சு."

"நான் சொல்லச் சொன்னதத்தான சொல்லும்."

பையைத் திறந்து தட்டை எடுத்தான். அவள் கை வந்து தட்டின்மேல் விழுந்து அமுக்கியது.

"உள்ள வையி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு வெத்தல வாங்குவாகளா? நல்ல காரியம்ல?"

"அக்கா..."

"வீட்டுக்கு வாரேன். வந்து வாசல்ல நின்னு கூப்பிடு. கனகத்தக் கூட்டிட்டு வா. புருசன் பொண்டாட்டியா நின்னு கூப்பிடணும்."

"மாடியில ரூம் கட்டிருக்கு. நீதான் பால் காய்ச்சணும்."

"நானா?"

"நீதான்."

"கனகத்தோட அம்மா?"

அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். மாமியாருக்குப் போன் போட்டு, பால் காய்ச்சுவது அக்காதான் என்றான். "ஒங்கக்கா, ஒங்க வீடு. நான் என்னத்தச் சொல்லப்போறேன் மாப்ள? நல்லாச் செய்ங்க" என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டான். இதற்குத்தானா மூன்று வருஷம் என்று தோன்றியது.

திரும்பி வந்து, "சரின்னுட்டாங்க" என்றான்.

பரிபூரணம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். "இத அன்னைக்கே கேட்ருக்கலாம்ல தங்கம்" என்றாள் அவள் கண் திறக்காமல். "வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூட, ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிருப்பேன்."

அதற்குப் பிறகு அவன் லீவு போட்டுவிட்டு அவள்கூடவே இருந்தான். பேச்சு அதிகமில்லை. பாலுக்கு எந்தப் பாத்திரம் என்று ஒருநாள் கேட்டாள். அம்மாவின் பித்தளைச் சட்டி அட்டாலிப் பரணில் இருக்கிறது, புளி போட்டுத் துலக்கச் சொல் என்றாள். ஷெரின் அதைத் துலக்கி வைத்தாள். கடைசியில் டாக்டர், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால், "கனகத்துக்குச் சொல்லிட்டியா? வாசல்ல நிக்கணும்" என்றுதான் அவள் சொன்னாள்.

புது வெற்றிலை வாங்கிக்கொண்டு கனகலட்சுமி காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து நின்றாள். அவன் ஆம்புலன்ஸில் அக்காவின் தலைமாட்டில் இருந்தான். தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிப்போய், கனகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தட்டை நீட்ட வேண்டும். அக்காவைத் தூக்கி இறக்குகிறவர்கள் ஒரு நிமிஷம் வாசலில் நிற்க வேண்டும். இதை டிரைவரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தான். மேற்கே மலை தெரிய ஆரம்பித்ததும், "மலை தெரியுதுக்கா" என்றான். அவள் தலையை அசைத்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியபோது மறுபடி, "வந்துட்டோம்க்கா" என்றான். அதற்கு அசைவு இல்லை.

தெருமுனையில் வண்டி நிற்கவில்லை. அவன் நிறுத்தச் சொல்லவில்லை. வண்டி நேரே வாசலுக்கு வந்ததையும் கதவு திறந்ததும் அவன் முகத்தையும் பார்த்த கனகலட்சுமி, கையிலிருந்த தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷெரின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வாசலில் விழுந்து அழுதாள்.

அக்காவைக் கிடத்தியிருந்த அறையில் கருமாதி வரை இரவும் பகலும் டியூப்லைட் எரிந்தது. அதனால் ராஜபாளையத்தில் கண்ணாடியிலும் எழுத்து அணையவில்லை. அக்கா: விளக்கு போட்டாச்சு. சட்டை மாற்ற வீட்டுக்கு வந்த நாட்களில் அவன் பீரோ பக்கம் திரும்பாமல் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பங்காளிகள் விளக்கை அமர்த்தி, வீட்டைப் பூட்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கண்ணாடியில் சிவப்பு எழுத்து வந்தது. அது ஒன்றுதான் அந்தக் கண்ணாடி பல மாசத்தில் சொன்ன மெய். கனகலட்சுமி சீப்பை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய்த் தலை வாரினாள். அவன் அந்த எழுத்தை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு ஒரு கையசைப்புப் போதும். தினமும் ஏழு மணிக்கு அது வந்தது, அவன் தினமும் அதைப் படித்தான், படித்துவிட்டு வேலைக்குப் போனான்.

மில்லில் வாரவிடுமுறை வந்தது. எங்கே போகிறேன் என்று சொல்லாமல் அவன் பஸ் ஏறினான். ஷெரின் வீட்டில் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போனான். வீட்டில் பினாயில் நெடி. அடுப்படி மேடையில் துலக்கி வைத்த பித்தளைச் சட்டி குப்புறக் கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் இருட்டு. கை பழக்கத்தில் சுவிட்சைத் தேடிப் போட்டான். டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கனகலட்சுமி.

"போயிச் சேந்துட்டீங்களா?"

"எங்க வந்திருக்கேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"பொட்டு வச்சிக்கிட்டு இருந்தேன். கண்ணாடியில வந்துச்சு."

என்ன வந்தது என்று அவன் கேட்கவில்லை.

"சாப்பாட்டுக்கு வாரீங்களா?"

"வாரேன்."

போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். தொட்டி காய்ந்து அடியில் ஒரு பல்லி கிடந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு மோட்டாரைப் போட்டான். முதலில் வெறுங்காற்று இருமியது. பிறகு தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. இது ஓடுகிறது, நிற்கிறது என்று இத்தனை காலமாகத் தினமும் படித்திருக்கிறான். உட்கார்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அக்கா கொடியில் போட்டுவிட்டுப் போன பழைய துண்டு ஒன்று இன்னும் அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தொட்டி வழிகிறவரை அவன் மோட்டாரை அணைக்கவில்லை.